வயிற்றுவலி மாத்திரையில் இரண்டாவது பெயர்

மருந்துக்கடையில் போய் "வயித்து வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்று கேட்டால், பெரும்பாலும் யாரும் சீட்டு கேட்பதில்லை. அட்டையிலிருந்து இரண்டைக் கத்தரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். பெயரும் காலாவதித் தேதியும் அச்சான பாதி பல சமயம் கடையிலேயே தங்கிவிடுகிறது. வாங்கியவர் விழுங்கப்போவது ஒற்றை மருந்தாக இருப்பதும் அரிது. குடலின் இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்து ஒன்று இருக்கும். அதோடு வலிநிவாரணியோ, பாராசிட்டமாலோ, மனப்பதற்றத்தைத் தணிக்கும் மருந்தோ சேர்ந்திருக்கும். இந்த வகைக் கூட்டு மாத்திரைகள் நம் நாட்டில் ஏராளம். அவற்றின் பாதுகாப்பைப் பற்றி இதுவரை தெரிந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. பெரிய கேடுகளில் பல, குடலைத் தளர்த்தும் முதல் மருந்தால் வருவதில்லை. அட்டையில் அதற்கு அடுத்தபடியாக அச்சிடப்பட்ட, நாம் வாசிக்காமல் விட்டுவிடும் இரண்டாவது பெயரால்தான் வருகின்றன.

முதல் மருந்தை முதலில் பார்த்துவிடலாம். குடல் சுவரில் இருப்பது நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத தசை. நரம்பு முனைகளில் சுரக்கும் அசிட்டைல்கோலின் அதைச் சுருங்க வைக்கிறது. சுருக்கம் அளவோடு இருந்தால் உணவு நகரும். மிஞ்சினால் வயிறு சுருட்டிப் பிடிக்கும். டைசைக்ளோமின், ஹையோசின் பியூட்டைல்புரோமைடு, கிளிடினியம் ஆகிய மருந்துகள் அசிட்டைல்கோலின் தசையில் வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. ட்ரோட்டாவெரின், மெபெவெரின் போன்றவை வேறு வழியில் தசையையே தளர்த்துகின்றன.

அசிட்டைல்கோலின் குடலுக்கு மட்டும் சொந்தமானதில்லை என்பதுதான் சிக்கல். உமிழ்நீர், வியர்வை, கண்மணியின் சுருக்கம், சிறுநீர்ப்பை, இதயத் துடிப்பு, நினைவாற்றல் என்று பலவற்றிலும் அதற்குப் பங்குண்டு. நம் ஊர் வேலியோரம் வளரும் ஊமத்தையில் உள்ள ஹையோசயமினும் ஸ்கோபோலமினும் இதே வழியைத்தான் அடைக்கின்றன. ஊமத்தங்காயைத் தின்றவருக்கு வாய் வறண்டு, கண்மணி விரிந்து, தோல் சூடேறி, சிறுநீர் அடைத்து, பேச்சு பிதற்றலாகும். டைசைக்ளோமின் அளவு மீறும்போதும் ஏறக்குறைய இதே அறிகுறிகள்தான்.

பலன் எவ்வளவு? டைசைக்ளோமின் 1950 முதல் அமெரிக்காவில் புழக்கத்தில் இருக்கிறது. எரிச்சல் குடல் நோய், அதாவது மருத்துவர்கள் சுருக்கமாக ஐ.பி.எஸ். என்று சொல்லும் தொந்தரவுக்கு நாளொன்றுக்கு 160 மி.கி. கொடுத்துச் சோதித்தபோது 82 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கும் குணம் தெரிந்தது. இந்த இரண்டாவது எண்ணை மறந்துவிடக் கூடாது. ஐ.பி.எஸ். நோயாளிகளில் பாதிப் பேர் எதைக் கொடுத்தாலும் சில நாள் தேறுகிறார்கள். அதே அளவில் 40 சதவீதம் பேருக்குத் தலைசுற்றலும், 33 சதவீதம் பேருக்கு வாய் வறட்சியும், 27 சதவீதம் பேருக்குப் பார்வை மங்கலும் வந்தன. இரண்டு வாரத்தில் பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும் என்று அந்த மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பே சொல்கிறது. நாளுக்கு 80 மி.கி.க்கு மேல் இரண்டு வாரத்தைத் தாண்டிக் கொடுப்பதன் பாதுகாப்புக்குச் சான்று கிடையாது என்றும் சொல்கிறது.

இப்போது நம் ஊர்க் கூட்டு மாத்திரைகளை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவகையில் டைசைக்ளோமின் 20 மி.கி., பாராசிட்டமால் 500 மி.கி. சோதனையில் பலன் தந்த 160 மி.கி.யை எட்ட எட்டு மாத்திரை வேண்டும். அதற்குள் பாராசிட்டமால் 4 கிராம், அதாவது ஒரு நாளைக்கான உச்ச வரம்பு, உள்ளே போய்விடும். இன்னொரு வகையில் டைசைக்ளோமின் 10 மி.கி.யோடு மெஃபனமிக் அமிலம் 250 மி.கி. அதே அளவுக்கு 16 மாத்திரை வேண்டும். மெஃபனமிக் அமிலம் 4 கிராம் ஆகும். அது நஞ்சு; அந்த அளவில் வலிப்பே வரலாம். எட்டையோ பதினாறையோ விழுங்கச் சொல்லி யாரும் எழுதித் தருவதில்லை என்பது உண்மைதான். ஆனால் கூட்டு மாத்திரையின் அடிப்படைக் குறை இந்தக் கணக்கில் வெளிப்படுகிறது. ஒன்றை ஏற்ற வேண்டுமானால் மற்றதும் ஏறும். ஒன்றை நிறுத்த வேண்டுமானால் மற்றதும் நிற்கும். நோயாளிக்கேற்ப அளவை மாற்றும் சுதந்திரம் மருத்துவர் கையில் இருப்பதில்லை, அது ஆலையிலேயே முடிந்துபோன விஷயம்.

ஆய்வாளர்களும் ஒருமித்த கருத்தில் இல்லை. பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து 2011இல் வந்த காக்ரன் மதிப்பாய்வு, குடல் தளர்த்தி மருந்து எடுத்தவர்களில் 58 சதவீதம் பேருக்கு வயிற்றுவலி குறைந்ததாகவும், வெற்று மாத்திரைக்காரர்களில் அது 46 சதவீதம் என்றும் கணக்கிட்டது. 2021இல் பிரிட்டிஷ் குடலியல் சங்கம் இவற்றில் சில பயன்படலாம் என்றது. அதே ஆண்டில் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் காஸ்ட்ரோஎன்டராலஜி, தங்கள் நாட்டில் கிடைக்கும் குடல் தளர்த்திகளை ஐ.பி.எஸ்.ஸுக்குத் தர வேண்டாம் என்றது. அடுத்த ஆண்டே இன்னொரு அமெரிக்கச் சங்கம் தரலாம் என்றது. இவர்கள் எல்லோரும் அலசியவை பெரும்பாலும் தனி மருந்துகளைப் பற்றிய சோதனைகள். அட்டையில் கைகோத்து வரும் ஜோடிகளுக்கு அந்தச் சான்றை அப்படியே நீட்டிக்கொள்ள முடியாது.

இனி அந்த இரண்டாவது பெயருக்கு வருவோம். பாராசிட்டமால் ஜோடியில் சொல்ல அதிகமில்லை. தனியாக அது நல்ல மருந்து. ஆபத்து இரட்டிப்பில்தான் இருக்கிறது. காய்ச்சலுக்கு டோலோ 650 போட்டுக்கொண்டிருப்பவர், வயிற்றுக்கு வேறொரு மாத்திரை போடுவதாக நினைத்து அதே பாராசிட்டமாலை மறுபடியும் விழுங்குகிறார். குடிப்பழக்கம் உள்ளவர், சாப்பிடாமல் கிடப்பவர், மஞ்சள் காமாலை வந்தவர் ஆகியோருக்குக் கல்லீரல் தாங்கும் அளவு இன்னும் குறைவு.

மெஃபனமிக் அமிலம் அப்படி எளிதாகக் கடந்துபோகக்கூடிய பெயரில்லை. மாதவிலக்கு வலிக்கு அது நல்ல பலன் தரும். கருப்பையில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உண்டாவதைக் குறைத்து, வலியின் மூலத்தையே தொடுகிறது. இரண்டு மூன்று நாள், உணவுக்குப் பின், வேறு நோயில்லாத இளம்பெண் போட்டுக்கொள்வதில் பெரிய தவறில்லை. அதே அட்டையை அந்த வீட்டில் அப்பா "கேஸ்" வலிக்கும், பாட்டி லூஸ் மோஷனுக்கும் எடுக்கத் தொடங்கும்போது கதை மாறுகிறது. புரோஸ்டாகிளாண்டின் இரைப்பைச் சுவரைக் காக்கும் பொருளும்கூட. அதைக் குறைத்தால் அல்சர் உள்ள இரைப்பை மேலும் புண்ணாகும், ரத்தம் கசியும். அதாவது மேல்வயிற்று எரிச்சலோடு வருபவருக்கு இந்த மாத்திரை வலியை இரண்டு மணி நேரம் மறைத்துவிட்டுப் புண்ணை ஆழமாக்கும். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைத் தக்கவைப்பதும் அதே பொருள்தான். வயிற்றுப்போக்கில் உடல் நீர் வற்றியிருக்கும் வேளையில், ஏற்கெனவே ரத்தக் கொதிப்புக்கும் நீர் பிரியவும் மாத்திரை சாப்பிடும் முதியவர் இதையும் சேர்த்தால் சிறுநீரகம் சட்டென்று நின்றுபோகக்கூடும். கர்ப்பிணிகள் 20ஆவது வாரத்திலிருந்து இந்த இன வலிநிவாரணிகளைத் தவிர்க்க வேண்டும் என்று 2020 அக்டோபரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. குழந்தையின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, சுற்றியுள்ள பனிக்குட நீர் குறையலாம்.

2023 நவம்பர் இறுதியில் இந்திய மருந்தியல் ஆணையம் மெஃபனமிக் அமிலம் குறித்து ஓர் எச்சரிக்கை விட்டது. டிரெஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் கடும் ஒவ்வாமை அதனால் வரலாம் என்பதே செய்தி. மருந்து தொடங்கி இரண்டிலிருந்து எட்டு வாரத்துக்குள் காய்ச்சல், உடம்பெங்கும் தடிப்பு, நெறிகட்டுதல், முக வீக்கம் என்று வரும். கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். அது அரிதாகவே வரும். ஆனால் ஒரு மாதத்துக்கு முன் போட்ட மாத்திரையை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? கத்தரித்த அட்டையில் பெயரும் இல்லாவிட்டால், சிகிச்சை தரும் மருத்துவர் இருட்டில் துழாவ வேண்டியதுதான். அந்த எச்சரிக்கை வந்த வாரத்தில் செய்தித் தொலைக்காட்சிகள் கிளப்பிய பீதி அளவுக்கு மீறியது என்பது என் கருத்து. அதற்குப் பின் வந்த மறதி அதைவிடப் பெரியது.

மூன்றாவது ஜோடிதான் மிகவும் சுவாரஸ்யமானது, மிகவும் கவலைக்குரியதும்கூட. நியூஜெர்சியில் ரோஷ் நிறுவனத்தில் வேலைபார்த்த லியோ ஸ்டெர்ன்பாக் கண்டுபிடித்த குளோர்டயாசிபாக்சைடு, 1960இல் லிப்ரியம் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. பென்சோடயசெபின் குடும்பத்தின் மூத்த பிள்ளை அது. அந்தக் காலத்தில் இரைப்பைப் புண்ணுக்கு மனக்கவலையே காரணம் என்று மருத்துவ உலகம் வலுவாக நம்பியது. மனதை அமைதிப்படுத்து, குடலைத் தளர்த்து, புண் ஆறும் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் பிறந்ததுதான் 5 மி.கி. குளோர்டயாசிபாக்சைடும் 2.5 மி.கி. கிளிடினியமும் சேர்ந்த லிப்ராக்ஸ். 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பையிலிருந்து ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். 2005இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. அல்சரை ஆன்டிபயாடிக்கால் ஆற்றலாம் என்றானது. மாத்திரை பிறந்த காரணத்தில் பாதி அங்கேயே உதிர்ந்துவிட்டது. அமெரிக்காவில் இந்தக் கூட்டின் பலனை மறுபரிசீலனை செய்தவர்கள் அதற்குக் கொடுத்த தரம், பலன் "இருக்கலாம்" என்பது மட்டும்தான். அந்த வாசகம் இன்றும் அதன் குறிப்பில் நிற்கிறது.

இந்தியாவில் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார்கள். குளோர்டயாசிபாக்சைடு, கிளிடினியத்தோடு டைசைக்ளோமினையும் சேர்த்து மூன்றும் ஒரே மாத்திரையில் கிடைக்கிறது. கிளிடினியமும் டைசைக்ளோமினும் ஒரே வேலையைச் செய்பவை. இரண்டையும் ஒன்றாகப் போடுவதற்கு எனக்கு இதுவரை நியாயமான காரணம் ஒன்றும் தென்படவில்லை. வாய் வறட்சியும் மலச்சிக்கலும்தான் இரட்டிப்பாகும்.

குளோர்டயாசிபாக்சைடு உடலில் வேறு பொருளாக மாறி, அந்தப் பொருள் பல நாள் தங்கும். மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன் போடச் சொன்னால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போகும். சில வாரங்களில் உடல் அதற்குப் பழகிவிடும். பிறகு நிறுத்தினால் தூக்கமின்மை, நடுக்கம், படபடப்பு, கூடவே வயிற்றுப் பிசைவு. நோயாளி என்ன நினைப்பார்? நோய் திரும்பிவிட்டது, இந்த மாத்திரை இல்லாமல் முடியாது என்றுதான் நினைப்பார். இப்படியே ஆண்டுக்கணக்கில் ஓடும். திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்பதால், நெடுநாள் எடுத்தவர்கள் மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு நாளைக்கே தூக்கி எறிந்துவிடக் கூடாது. பழக்கம், துஷ்பிரயோகம், நிறுத்தும்போது வரும் தொந்தரவு பற்றிய உச்சநிலை எச்சரிக்கையை இந்த இன மருந்துகள் எல்லாவற்றிலும் அச்சிட வேண்டுமென 2020 செப்டம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் உத்தரவிட்டது. மது, தூக்க மாத்திரை, ஓபியாய்டு வலிநிவாரணி ஆகியவற்றோடு சேர்ந்தால் மூச்சே அடங்கலாம். வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது பெயர் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வடகிழக்கு மாநிலங்கள் சாட்சி. டைசைக்ளோமின், பாராசிட்டமாலோடு டெக்ஸ்ட்ரோபுரொபாக்சிஃபீன் என்ற ஓபியாய்டைச் சேர்த்த காப்ஸ்யூல் ஒன்று வயிற்றுவலிக்கென்றே விற்கப்பட்டது. நாகாலாந்திலும் மிசோரமிலும் இளைஞர்கள் அந்தப் பொடியைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொண்டார்கள். நரம்பில் ஏற்றத் தயாரிக்கப்படாத பொடி; கைகால்களில் சீழ்க்கட்டிகளும் அழுகலும் வந்து உறுப்பை இழந்தவர்கள் உண்டு. அளவு மீறும்போது உயிரைப் பறிக்கிறது என்பதற்காக பிரிட்டனும், பிறகு இதயத் துடிப்பைக் குலைக்கிறது என்பதற்காக 2010இல் அமெரிக்காவும் அந்த ஓபியாய்டைச் சந்தையிலிருந்து நீக்கின. இந்தியா 2013இல் தடுத்தது. உடனே அதன் இடத்துக்கு டிரமடால் வந்து உட்கார்ந்துகொண்டது. 2018இல் டிரமடாலும் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. இத்தனைக்கும் டைசைக்ளோமின் மட்டும் அந்த மாத்திரையில் மாறாமல் நல்ல பிள்ளையாக இருந்துவந்திருக்கிறது.

அதற்காக முதல் பெயரை முழுக்க விட்டுவிடவும் முடியாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு டைசைக்ளோமின் கூடாது. மூச்சுத் திணறல், வலிப்பு, நினைவிழப்பு பதிவாகியிருக்கின்றன. இரவெல்லாம் வீறிட்டு அழும் கைக்குழந்தைக்காக வாங்கும் வயிற்றுவலிச் சொட்டு மருந்தில் அது இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள். அந்த அழுகை பெரும்பாலும் மூன்று, நான்கு மாதத்தில் தானாகவே அடங்கிவிடும். பாலூட்டும் தாயும் இதைத் தவிர்க்க வேண்டும்.

முதியவர்களுக்கு இன்னும் அதிக எச்சரிக்கை வேண்டும். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் பட்டியல், டைசைக்ளோமினையும் கிளிடினியம்–குளோர்டயாசிபாக்சைடு கூட்டையும் 65 வயதுக்கு மேல் தவிர்க்க வேண்டியவற்றில் வைத்திருக்கிறது. புராஸ்டேட் வீங்கிய தாத்தாவுக்கு இரவில் சிறுநீர் முழுவதுமாக அடைபட்டுப்போகலாம். குறுகிய கோணக் கண்ணழுத்த நோய் உள்ளவருக்குப் பார்வையே போகலாம். திடீரென்று ஆள் தடுமாறிப் பேசினால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் மாத்திரைப் பெட்டியைப் பாருங்கள். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் குளோர்ஃபெனிரமின், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் ஆகியவையும் இதே இனத்து விளைவு கொண்டவை. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். நெஞ்செரிச்சல் உள்ளவருக்கும் இந்த இனக் குடல் தளர்த்தி உதவாது. உணவுக்குழாயின் கீழ்வாய் தளர்ந்து அமிலம் இன்னும் மேலே ஏறும்.

நம் ஊருக்கென்று ஓர் எச்சரிக்கையும் உண்டு. இந்த மருந்துகள் வியர்வையை நிறுத்துகின்றன. அக்னி நட்சத்திர வெயிலில் கட்டட வேலைக்கோ வயலுக்கோ போகிறவர் இதைப் போட்டுக்கொண்டால் உடல் சூடு வெளியேற வழியிருக்காது; வெப்பத் தாக்கு வரலாம். மருந்துக் குறிப்பில் இருக்கும் இந்த வரியைச் சீட்டு எழுதும்போது வாய்விட்டுச் சொல்லும் மருத்துவர்கள் குறைவு.

இன்னொரு வகைக் கேடு, மருந்து சரியாக வேலை செய்வதாலேயே வருவது. குடல்வால் அழற்சியில் வலி தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கும். மாத்திரை அந்த வலியை மங்கச் செய்தால் ஆஸ்பத்திரிக்குப் போவது ஒரு நாள் தள்ளிப்போகும். அந்த ஒரு நாளில் குடல்வால் வெடிக்கலாம். மாதவிலக்கு தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றில் வலி என்றால் அது கருக்குழாயில் தங்கிய கருவாக இருக்கலாம். குடல் அடைப்பில் இந்த மருந்து கூடவே கூடாது. நம் நாட்டில் குடல் காசநோயும் சாதாரணம். மாதக்கணக்கில் வந்து வந்து போகும் சுருட்டல் வலி, எடைக் குறைவு, மாலைக் காய்ச்சல் என்று அது நகரும்போது, ஒவ்வொரு முறையும் ஒரு மாத்திரை அதை அடக்கிவைக்கும். மேல்வயிற்றில் அழுத்தம், வியர்வை, மூச்சு வாங்குதல் என்றால் "கேஸ்" என்று முடிவு கட்டாமல் 108ஐ அழைக்க வேண்டும். அது மாரடைப்பாக இருக்கலாம். மலத்தில் ரத்தம், ரத்தசோகை, தூக்கத்தை எழுப்பும் வலி, காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு, ஐம்பதை நெருங்கும்போது முதல்முறையாகத் தொடங்கிய தொந்தரவு ஆகியவற்றில் எதுவும் இந்த மாத்திரைக்கான இடமில்லை.

சட்டம் இதையெல்லாம் அறியாமலில்லை. டைசைக்ளோமினும் மெஃபனமிக் அமிலமும் மருந்துச் சட்டத்தின் ‘எச்’ அட்டவணையில் இருக்கின்றன. சீட்டில்லாமல் விற்கக் கூடாது. குளோர்டயாசிபாக்சைடு 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்1 பட்டியலில் இருக்கிறது. மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். கூட்டு மருந்துகளைக் களையும் வேலையும் நடந்தது. 2016 மார்ச்சில் 344 கூட்டுகளுக்கும், நீதிமன்ற வழக்குகளுக்குப் பிறகு 2018இல் 328க்கும், 2024 ஆகஸ்டில் 156க்கும் மத்திய அரசு தடை விதித்தது. வயிற்றுவலிக்கான பிரபலமான கூட்டுகள் இன்றும் சட்டப்படி கிடைக்கின்றன. அவற்றைத் தடை செய்ய வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. மாதவிலக்கு வலிக்கான ஜோடிக்கு நியாயம் இருக்கிறது. குளோர்டயாசிபாக்சைடு சேர்ந்த மும்மருந்துக் கூட்டுக்கு இல்லை என்பதே என் முடிவு. பதற்றமும் ஐ.பி.எஸ்.ஸும் சேர்ந்தே இருப்பவருக்கு இரண்டுக்கும் தனித்தனியாக, அளவை மாற்றக்கூடியபடி சிகிச்சை தர இன்று வழிகள் உண்டு.

நோயாளி செய்யக்கூடியது அதிகமில்லை, ஆனால் அதுவே போதும். மாத்திரை வாங்கும்போது பெயர் அச்சான பகுதியையும் கேட்டு வாங்குங்கள், அல்லது கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எத்தனை மருந்து இருக்கிறது, இரண்டாவது எது, எத்தனை நாளைக்கு என்று மருத்துவரிடமே கேளுங்கள். "தெரியாது, போடுங்கள்" என்று பதில் வந்தால் வேறு மருத்துவரிடம் போவதில் தவறில்லை. மாத்திரை போட்டபின் தடிப்போ, காய்ச்சலோ, சிறுநீர் அடைப்போ, மயக்கமோ வந்தால் மருத்துவமனைக்குப் போவதோடு, இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் சொல்லுங்கள். மருத்துவர்கள் மட்டுமல்ல, நோயாளியும் குடும்பத்தாரும் நேரடியாகப் புகார் பதியலாம். மெஃபனமிக் அமிலத்துக்கு எதிரான 2023 எச்சரிக்கையும் இப்படிச் சேர்ந்த பதிவுகளை அலசித்தான் வந்தது.